அளவிடாத தண்ணீர்

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. அந்த வருடம் வெயில் அப்படிக் காய்ந்ததா, அல்லது கதையில் தண்ணீர் வருகிறதே என்று நானாக வெயிலைச் சேர்த்துக்கொண்டேனா, தெரியவில்லை. கீழ்வீட்டுக்காரர் இதை என்னிடம் துண்டு துண்டாகத்தான் சொன்னார், பல மாதங்களாக, மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டு. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் கையிலிருக்கிற டீ ஆறிப்போகும். அந்த இடைவெளிகளை நான் நிரப்பியிருக்கிறேன். பிழை இருந்தால் அங்கேதான் இருக்கும்.

அவருக்கு வேலை ஆராய்ச்சிக்கூடத்தின் பின்புறத்தில், விலங்குக் கொட்டிலில். அப்போதே பத்தொன்பது வருடமாகக் கூண்டு கழுவிக்கொண்டிருந்தார். தீவனம் அளப்பார், எடை பார்ப்பார், வடிகாலை இரும்புத் தூரிகையால் தேய்ப்பார். ஒரு பக்கம் எலிகள், ஒரு பக்கம் பன்றிகள். வீட்டுக்கு வந்து எவ்வளவு சோப்புப் போட்டாலும் கைகளில் கிருமிநாசினி வாடை போகாது. தெருவில் அவருக்குப் பெயர் பன்னி டாக்டர். யாருக்காவது தலைவலி என்றால்கூட, "பன்னி டாக்டரைக் கேட்டுட்டு மாத்திரை போடு" என்பார்கள். அவர் சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார்.

வீட்டில் பேச்செல்லாம் மனைவியுடையது. அவள் ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். காலையிலிருந்து மாலைவரை வெள்ளை விரிப்புகள். நனைத்து, பிழிந்து, தேய்த்து, நான்காக மடித்து அடுக்குவது. வீட்டுக்கு வந்ததும் அன்று விரிப்புகளில் என்னென்ன கறை இருந்தது, அதை வைத்து அந்த அறையில் தங்கியவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். மகளுக்கும் சிரிப்பு தாங்காது. அவர் தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவார்.

"உங்ககிட்ட பேசுறதுக்கு எங்க வாஷிங் மெஷின்கிட்ட பேசலாம்" என்பாள். "அதாச்சும் வேலை முடிஞ்சா மணியடிக்கும்."

அந்த வருடத் தொடக்கத்தில் கூடத்தில் ஒரு புது ஆராய்ச்சி ஆரம்பமானது. கணையம் திடீரென்று வீங்கி, தன் சாற்றாலேயே தன்னை அரித்துக்கொள்கிற நோய். பன்றிகளை மயக்கத்தில் வைத்து அந்த நோயை உண்டாக்கி, பிறகு நரம்பில் சலைன் எவ்வளவு வேகத்தில் ஏற்றினால் பிழைக்கும் என்று பார்ப்பதுதான் வேலை. நடத்தியவர் ஒரு பெண் மருத்துவர். எல்லோருக்கும் டாக்டரம்மா. மிருகம் என்பதற்காக வலி மருந்தில் கஞ்சத்தனம் காட்டாதவர். கொட்டில்காரரிடம் எதையும் விளக்கிச் சொல்லிவிட்டுத்தான் செய்வார்.

"இது வந்தா ரத்தக் குழாயெல்லாம் ஓட்டைக் குடம் மாதிரி ஆயிடும் அண்ணே. ஊத்துறது குழாயில நிக்காது, வயித்துலயும் நெஞ்சுலயும் கசிஞ்சு நிக்கும். நெறைய ஊத்தினா மூச்சு முட்டும். கொஞ்சமா ஊத்தினா கிட்னி காஞ்சிடும். எது அளவுன்னு தெரியணும். அதுக்குத்தான் இந்தப் பன்னெண்டு."

ஆறு பன்றிகளுக்கு வேகமாக, ஆறு பன்றிகளுக்கு மெதுவாக. இரண்டிரண்டாகக் கொண்டுவருவார்கள், மூன்று நாள் பார்ப்பார்கள். அந்த மூன்று நாளும் வாய்வழியாக ஒன்றும் கிடையாது. அடைப்புகளில் பன்றிகள் மூக்கால் அமுக்கிக் குடிக்கிற தண்ணீர்க் குழாய்கள் இருக்கும். அவற்றைத் திருகி மூடுவது கொட்டில்காரரின் வேலை.

வேகமாக ஏற்றிய பன்றிகள் ஈர வாயோடு கிடந்தன. வயிறு மத்தளம் மாதிரி இறுகியது. மெதுவாக ஏற்றியவை வேறு மாதிரி. மூடிய குழாயைப் போய்ப் போய் முட்டின. கம்பியை நக்கின. அவர் கழுவிவிட்ட தரையில் ஈரம் காய்வதற்குள் மூக்கை வைத்து உறிஞ்சின. அவற்றில் முதலில் வந்த இரண்டில் ஒன்று, ஒரு காது மடிந்தது. எதையும் முட்டாது, நக்காது, அவரையே பார்த்துக்கொண்டிருக்கும். அவர் அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருந்தார்.

அந்தப் பார்வைதான் அவரைச் சாய்த்தது என்று நினைக்கிறேன். ஒரு சாயங்காலம், எல்லோரும் போனபிறகு, தரை துடைக்கிற பஞ்சை நன்றாக அலசி, தண்ணீரில் முக்கி, கம்பிக்குள் கையை விட்டு அதன் வாயில் பிழிந்தார். அது கண்ணை மூடிக்கொண்டது. ஒரு பிளாஸ்டிக் குவளையில் பாதி தீர்ந்தது. பக்கத்து அடைப்பில் இருந்ததும் மெதுவாக ஏற்றுகிற பன்றிதான். அதற்கும் பிழிந்தார். மறுநாள் காலையில், டாக்டரம்மா வருவதற்கு முன்னால், மறுபடியும். அதன் பிறகு வந்த மெதுவான பன்றிகள் அத்தனைக்கும் இது நடந்தது.

வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னார். அவர் தானாக வாயைத் திறந்து ஒன்றைச் சொன்னதே அவளுக்கு அதிசயம்.

"நல்லதுதானே செஞ்சீங்க. தாகம்னு வாய் திறந்து சொல்லத் தெரியுமா அதுக்கு?" என்றாள். பிறகு, "தரை துடைக்கிற பஞ்சையா வாயில வச்சீங்க? கருமம்!" என்று எழுந்துபோய்ப் புதுப் பஞ்சு ஒன்றை எடுத்துவந்து கொடுத்தாள். மஞ்சள் பஞ்சு, உறைகூடப் பிரிக்காதது.

டாக்டரம்மா ஒருநாள் மெதுவான பன்றி ஒன்றின் மூத்திரம் சேர்ந்த பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து மகிழ்ந்துபோனார். "குறைச்சலா ஏத்தினதுக்கு எவ்வளவு நல்லா வருது பாருங்கண்ணே!" அவர் வடிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

முடிவில், வேகமாக ஏற்றிய ஆறில் நான்கு செத்தன. மெதுவாக ஏற்றியதில் ஒன்றுதான். பிழைத்தவற்றுக்கும் கடைசியில் கொல்கிற ஊசிதான். உள்ளுறுப்புகளைப் பார்க்க வேண்டும். இன்ஸ்பெக்டருக்கு ஊசி போட்டபோது தலையைப் பிடித்துக்கொண்டது அவர்தான்.

இரண்டு மாதம் கழித்து, வெயில் உச்சத்தில், சலவைக்கூடத்தில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்த மனைவி அப்படியே அதன்மேல் மடங்கி விழுந்தாள்.

பித்தப்பையில் கல் இருப்பது முந்தின வருடமே தெரியும். எடுத்துவிடச் சொன்னார்கள். மகளுக்குப் பரீட்சை முடியட்டும், ஓட்டலில் கூட்டம் குறையட்டும் என்று அவள்தான் தள்ளிக்கொண்டே வந்தாள். அதில் ஒரு கல் நழுவி வந்து வழியை அடைத்துக் கணையம் வீங்கிவிட்டது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கணையம் என்ற சொல்லைக் கேட்டதும் கொட்டில்காரர் பக்கத்திலிருந்த சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். அன்றைக்கே உள்ளே குழாய் விட்டுக் கல்லை எடுத்தார்கள். வீக்கம் நிற்கவில்லை.

இரண்டாம் நாள் காலையில் அவளுடைய தம்பி வந்தான். லாரிகளுக்கு டயர் மாற்றுகிற கடை வைத்திருப்பவன். இரண்டு தெரு தள்ளி நின்று பேசினாலும் கேட்கிற குரல். வந்ததும் அக்காவைப் பார்த்தான். பிறகு கைபேசியில் நேரம் வைத்துச் சலைன் சொட்டுகளை எண்ண ஆரம்பித்தான்.

"அத்தான், இங்க வாங்க. பக்கத்துக் கட்டில்காரனுக்குக் குழாயத் திறந்துவிட்ட மாதிரி போகுது. அக்காவுக்கு மட்டும் அழுது வடியுது. என்ன கணக்கு இது?"

"அவருக்கு வயித்துப்போக்கு."

"அப்ப அக்காவுக்கு என்ன, தும்மலா?"

"மாமா, மெதுவா பேசுங்க" என்றாள் மகள்.

"நான் மெதுவாத்தாம்மா பேசுறேன். உங்கப்பா பேசவே மாட்டேங்குறாரே." அவரை ஜன்னலோரம் இழுத்துக்கொண்டு போனான். "கேளுங்க. பாலத்துக்கு அந்தப் பக்கம் தனியார் ஆஸ்பத்திரி. நம்ம கடைக்கு வர்ற லாரி முதலாளியோட தம்பிக்கு இதே வியாதி. மொத நாளே பாட்டில் பாட்டிலா ஊத்தி நாலாம் நாள் எழுப்பி உக்கார வச்சுட்டாங்க. பேசிட்டேன். சாயங்காலத்துக்குள்ள கொண்டுவந்தா எடுத்துக்குவாங்க. நீங்க கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்."

அவர் கட்டிலைப் பார்த்தார். உதடு வெடித்திருந்தது. நாக்கு அடிக்கடி வெளியே வந்து உதட்டைத் தொட்டுவிட்டுப் போனது.

"அத்தான், ஊரே உங்கள பன்னி டாக்டர்னு கிண்டல் பண்ணுது. நானும் பண்ணியிருக்கேன். இன்னைக்கு நெசமாவே கேக்குறேன். இந்த வியாதியத்தான உங்க கொட்டில்ல பாத்தீங்க? அக்கா சொல்லியிருக்கு. வேகமா ஊத்தினா பொழைக்குமா, மெதுவா ஊத்தினா பொழைக்குமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. நீங்க சொல்றபடி செஞ்சுடலாம்."

கொட்டில்காரர் வாயைத் திறந்தார். மெதுவாக என்பது நாக்கு நுனிவரை வந்தது. நான்கும் ஒன்றும், தன் கண்ணால் பார்த்த கணக்கு. ஆனால் உண்மையில் நடந்தது வேறு. மெதுவான ஆறில் பிழைத்த ஐந்தும் வெறுமனே மெதுவாக ஏற்றியவை அல்ல. மெதுவாக ஏற்றி, போதாததற்கு அவர் கையால் குடித்தவை. அவை பிழைத்தது மெதுவாக ஏற்றியதாலா, பஞ்சாலா? பஞ்சு இல்லாவிட்டால் ஆறும் செத்திருக்குமோ? அதைத் தெரிந்துகொள்ளத்தானே பன்னிரண்டும். தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் அவர்தான். யாருக்கும் தெரிய முடியாமல் செய்ததும் அவர்தான்.

"சாயங்காலத்துக்குள்ள சொல்றேன் மாப்ள" என்றார்.

"எங்க போறீங்க இப்ப?"

அவர் அதற்குள் படியிறங்கிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா மேசையில் தாள்களைப் பரப்பி வைத்திருந்தார். அந்த வாரம் கட்டுரையை அனுப்ப வேண்டும். வாசலில் நின்றவரைப் பார்த்து, "என்னண்ணே, லீவுன்னு சொன்னாங்க?" என்றார்.

அவர் நின்றபடியே சொன்னார். பஞ்சு, குவளை, காலை, சாயங்காலம். மொத்தமாக ஏழெட்டு வாக்கியங்கள் இருக்கும். அவ்வளவு நேரம் தொடர்ந்து அவர் பேசியதே கிடையாது.

மின்விசிறி ஒரு தாளின் ஓரத்தைத் தூக்குவதும் போடுவதுமாக இருந்தது. டாக்டரம்மா அதன்மேல் கையை வைத்து அமுக்கினார்.

"எத்தனைக்கு?"

"மெதுவா ஏத்தின ஆறுக்கும்."

"எவ்வளவு?"

"அரைக் குவளை."

"அந்தக் குவளைய எடுத்துட்டு வாங்க."

எடுத்துவந்தார். டாக்டரம்மா அதில் பாதிவரை தண்ணீர் பிடிக்கச் சொல்லி, கோடு போட்ட கண்ணாடிக் குடுவையில் ஊற்றிப் பார்த்தார். முந்நூற்று இருபது மில்லி. தாளின் ஓரத்தில் எழுதினார்.

"ஒவ்வொரு தடவையும் இவ்வளவுதானா?"

"சில நாள் கொஞ்சம் கூட."

"எவ்வளவு கூட?"

அவர் யோசித்தார். "அது கேட்ட அளவுக்கு."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். எழுதியதை அடிக்கவும் இல்லை. கொட்டிலில் ஏதோ ஒரு பன்றி தீவனத் தொட்டியை உருட்டுகிற சத்தம் கேட்டது.

"பன்னெண்டு உசிரு அண்ணே" என்றார் கடைசியில். "சும்மா சாகல, ஒண்ணச் சொல்லிட்டுத்தான் சாகுதுன்னு நெனச்சுத்தான் ஒவ்வொண்ணுக்கும் ஊசி போட்டேன். இப்ப அதுங்க என்ன சொல்லிச்சுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

"ஆமாம்மா."

"இத்தனை நாள் இல்லாம இன்னைக்கு வந்து ஏன் சொல்றீங்க?"

"வீட்டுல அதே வியாதிம்மா. ரெண்டு நாளா ஆஸ்பத்திரில."

டாக்டரம்மா எழுந்துவிட்டார். "இத மொதல்ல சொல்லக்கூடாதா?"

"மொதல்ல சொன்னா நீங்க உள்ளதச் சொல்லமாட்டீங்க. பாவம்னு பாத்துப் பேசுவீங்க."

அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. வேகமாக ஊற்றுகிற இடத்துக்குக் கொண்டுபோகவா, அங்கேயே விடவா என்று கேட்டார்.

"உங்க வீட்டம்மாவுக்குப் பாக்குற டாக்டர் நம்ம பன்னிங்களப் பாத்து வைத்தியம் பண்ணல அண்ணே. நாம இன்னும் வெளிய ஒரு வார்த்த சொல்லல. மனுஷங்கள வச்சுப் பாத்தவங்க வேற இருக்காங்க, அவர் அதப் படிச்சிருப்பார். ஒண்ணு மட்டும் கேளுங்க: மூத்திரத்த அளக்குறாரா, அளந்து பாத்து வேகத்தக் கூட்டிக் குறைக்கிறாரா? ஆமான்னா அங்கயே விடுங்க. இழுத்துக்கிட்டு அலையாதீங்க." பிறகு, "அவர் சொல்ற வரைக்கும் வாயில ஒண்ணும் குடுக்காதீங்க. உங்களத்தான் சொல்றேன்" என்றார்.

"பொழைச்சுக்குவாளா?"

டாக்டரம்மா பதில் சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டபடி, அப்படித்தான் உள்ளதைச் சொன்னார்.

வெளியே தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனார்.

வார்டு டாக்டர் கண்ணாடி போட்ட இளைஞர். தூங்கி இரண்டு நாள் ஆகியிருக்கும். கட்டிலின் கால்பக்கத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பிக் காட்டினார். நான்கு மணி நேரத்துக்கொருமுறை மூத்திர அளவு, அதற்கெதிரே சலைன் வேகம். காலையில் கூட்டியிருந்தார், மதியம் குறைத்திருந்தார். "நீங்க ஆராய்ச்சிக்கூடத்துல இருக்கீங்களாமே? உங்களுக்குப் புரியும்" என்றார். கொட்டில்காரர் எண்களை ஒன்று விடாமல் விரலால் தொட்டுப் பார்த்தார். எல்லாம் அளந்த எண்கள். "வாந்தி நின்னு வயிறு தளரட்டும். அதுவரைக்கும் வாய்வழியா ஒண்ணும் வேண்டாம்" என்றார் டாக்டர்.

மைத்துனன் தாழ்வாரத்தில் காத்திருந்தான். கையில் தாள், பேனா.

"இங்கயே இருக்கட்டும் மாப்ள."

"அப்ப மெதுவா ஊத்துறதுதான் சரின்றீங்க. பன்னிங்க அப்படித்தான் பொழைச்சுதா?"

"எனக்குத் தெரியாது."

"தெரியாதா? பத்தொன்பது வருஷமா அங்க என்ன புடுங்கிட்டு இருந்தீங்க?"

"நான் பாத்தத நானே கெடுத்துட்டேன் மாப்ள. அத வச்சு எதுவும் சொல்ல முடியாது. அட்டையில அளந்து எழுதியிருக்காங்க. அத நம்பித்தான் சொல்றேன்."

மைத்துனனுக்கு இதில் ஒன்றும் புரியவில்லை. யாருக்குத்தான் புரியும்? தாளை நான்காக மடித்தான், அவன் அக்கா விரிப்பை மடிக்கிற மாதிரியே. "அக்காவுக்கு ஏதாவது ஆச்சு, உங்க மூஞ்சில முழிக்கமாட்டேன்" என்றான். அவனுடைய பெரிய குரல் அப்போது இல்லை.

மகள் டீ வாங்கப் போயிருந்தாள். அவர் கட்டிலருகே உட்கார்ந்தார். மனைவி கண்ணைத் திறந்தாள்.

"தம்பி கத்துனானா?"

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க. உங்களுக்கு வராது." மூச்சு வாங்கியது. "இந்தாங்க. ஒரு வாய் தண்ணி குடுங்க."

"வேண்டாம்னு சொல்லியிருக்காங்க."

"நர்சு அந்தப் பக்கம் இருக்கு. சட்டுனு குடுங்க."

கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த சின்ன அலமாரியில், மகளுடைய தண்ணீர் பாட்டில் இருந்தது. வெளிப்புறமெல்லாம் வேர்த்து, ஒரு துளி வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உதட்ட நனைக்கிறேன்" என்றார். நர்சு வைத்துப்போயிருந்த துணியை ஈரமாக்கி உதட்டில் ஒற்றினார். அவள் பல்லால் துணியைக் கவ்வி உறிஞ்சப் பார்த்தாள். அவர் விரலைவிட்டு மெல்ல இழுத்துக்கொண்டார்.

"பன்னிக்கெல்லாம் குடுத்த மனுஷன்தானே நீங்க" என்றாள்.

டாக்டரம்மா, குடுவை, முந்நூற்று இருபது, இதெல்லாம் அவளிடம் சொல்லியிருக்கலாம். அவள் கேட்டிருப்பாள், அதற்கும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாள். அந்த நேரத்தில் அவருக்குச் சொற்கள் வரவில்லை. எழுந்து பாட்டிலை எடுத்து அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.

அவள் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். மடிந்த காதோடு ஒன்று பார்க்குமே, அந்தப் பார்வை என்று அவர் என்னிடம் சொன்னார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மூச்சு திணறித் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். தொண்டையில் குழாய் போட்டார்கள். அதன் பிறகு பேச்சில்லை. நடுவில் ஒருநாள் காய்ச்சல் இறங்கியது, மூத்திரம் நன்றாக வந்தது, மகள் இட்லியோ ரொட்டியோ எதையோ ஒழுங்காகச் சாப்பிட்டாள். பிறகு அழுகிய கணையத்தில் சீழ் வைத்தது. பத்தொன்பதாம் நாள் இறந்தாள். சலைன் கூடியதாலும் இல்லை, குறைந்ததாலும் இல்லை, நோயின் வேகம் அப்படி என்று கண்ணாடிக்கார டாக்டர் சொன்னார். ஒரு வாய் தண்ணீரால் எதுவும் மாறியிருக்காது என்றும், அவர் கேட்காமலே சொன்னார். எந்தப் பக்கம் மாறியிருக்காது என்று அவரும் கேட்கவில்லை.

டாக்டரம்மா நடந்ததை எழுதி, விலங்கு ஆராய்ச்சிகளுக்கு அனுமதி தருகிற குழுவுக்குக் கொடுத்தார். கொட்டில்காரரை மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பன்னிரண்டு பன்றிகளை வைத்து மறுபடியும் செய்ய அனுமதி கிடைக்க ஒரு வருடம் ஆனது. அந்த முறை குழாய்களை யார் மூடுவது என்ற பேச்சு வந்தபோது, தானே மூடுவதாக அவர் சொன்னார். டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அவை கம்பியை நக்கின, மூடிய குழாயை முட்டின. அவர் தண்ணீரைத் தொடவில்லை. வேலை முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல், அடைப்புக்கு வெளியே ஸ்டூல் போட்டுச் சாயங்காலம் முழுதும் அவற்றோடு உட்கார்ந்திருப்பார். வேகமாக ஏற்றியதில் மூன்று செத்தன. மெதுவாக ஏற்றியதிலும் மூன்று. இத்தனை சின்ன எண்ணிக்கையை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா எழுதினார்.

அந்தக் கட்டுரை அச்சில் வந்தது. அதைத் தமிழில் மாற்றிப் படித்துக் காட்டியவள் மகள். நடுப்பக்கத்தில் ஒரு வரி: முன்னர் பயன்படுத்திய பன்னிரண்டு விலங்குகள், அவற்றில் சில அளவிடப்படாத தண்ணீரைக் குடித்திருந்ததால், கணக்கில் சேர்க்கப்படவில்லை. அந்த வரியை மட்டும் இன்னொருமுறை படிக்கச் சொன்னார்.

டாக்டரம்மா வேறு கூடத்துக்கு மாறிப்போனார். இப்போது எலிகளோடு மட்டும் வேலை. மைத்துனனின் டயர்க்கடை அதே இடத்தில் இருக்கிறது. அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான். அக்கா மகள் வந்திருக்கும்போது அவளைப் பார்க்க வந்தால் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போகிறான். மகள் படிப்பை முடித்துக் கொஞ்சநாள் அம்மாவின் சலவைக்கூடத்திலேயே கணக்கு எழுதினாள், பிறகு திருமணமாகிப் போனாள். கொட்டில்காரருக்கு ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. தெருவில் அவரை இப்போது யாரும் பன்னி டாக்டர் என்று கூப்பிடுவதில்லை. மனைவி எடுத்துக்கொடுத்த மஞ்சள் பஞ்சு, உறை பிரித்துப் பாதி தேய்ந்தது, அவர் வீட்டுச் சமையலறைத் தொட்டியின் ஓரத்தில், காய்ந்து, கல் மாதிரி இருக்கிறது.